டூப் பெர்ஃப்யூம் அடிக்கலாமா? ஒரு த்ரெட்

1/ "டாக்டர், டியோர் சொவாஜ் எலிக்ஸிர் வாங்க வசதியில்ல. லத்தாஃபா அசாத் அதே மாதிரிதான் இருக்குன்னு சொல்றாங்க. அடிக்கலாமா? தோலுக்கு ஏதாச்சும் ஆகுமா?" தம்பிகள் இன்பாக்ஸ்ல அடிக்கடி கேக்குறது. ரெண்டையும் அடிச்சுப் பார்த்தேன். விளம்பரம் இல்ல, சொந்தக் காசு.

2/ முதல்ல வாசனை. 2021ல் வந்த எலிக்ஸிர்ல பட்டை, ஜாதிக்காய், ஏலக்காய், பின்னாடியே லாவெண்டர், அதிமதுரம். அசாத் மிளகுல ஆரம்பிச்சு வெனிலா இனிப்புல போய் நிக்கும். முதல் கால் மணி நேரம் வித்தியாசம் நல்லாவே தெரியும். ஒரு மணி நேரம் கழிச்சு, பக்கத்து சீட்டுக்காரருக்கு ரெண்டும் அண்ணன் தம்பி. இரட்டையர் இல்ல.

3/ விலை? எலிக்ஸிர் 60 மில்லி வாங்குற காசுல அசாத் 100 மில்லி பாட்டில் நாலஞ்சு வாங்கலாம்.

4/ இப்போ மருத்துவம். விலை குறைஞ்சா அலர்ஜி கூடும்னு நினைக்காதீங்க. வாசனைப் பொருட்கள்ல பரவலா இருக்குற லிமோனீன், லினலூல் ரெண்டும் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைஞ்சா அலர்ஜியைத் தூண்டும். இவை விலை உயர்ந்த பாட்டில்லயும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி, தோல்ல தங்குற பொருள்ல இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிள்ல பேர் போடணும். வாங்கும்போது படிங்க. பாட்டிலை வெயில் படுற ஜன்னல்ல வைக்காதீங்க.

5/ கடையில ஒரு தடவை அடிச்சுப் பார்த்துட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு முடிவு பண்ண முடியாது. இந்த வகை அலர்ஜி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் தலைகாட்டும். முழங்கை மடிப்புல ஒரே இடத்துல, தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம் அடிச்சுப் பாருங்க. சிவந்து அரிச்சா நிறுத்திட்டு தோல் மருத்துவரைப் பாருங்க. ஷேவ் பண்ண உடனே கழுத்துல அடிக்க வேண்டாம்.

6/ "அரை மணி நேரத்துல வாசனை போயிடுது டாக்டர்." போகல. உங்க மூக்கு பழகிடுச்சு. மத்தவங்களுக்கு அடிச்சுட்டேதான் இருக்கும். ரெண்டு ஸ்ப்ரே போதும். பஸ்ல உங்க பக்கத்துல நிக்கிறவருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது பெர்ஃப்யூமே வேண்டாம்.

7/ முக்கியமானது இதுதான். டூப் வேற, போலி வேற. டூப்ல தயாரிச்ச கம்பெனியோட சொந்தப் பேர் இருக்கும், பேட்ச் எண் இருக்கும், கேள்வி கேக்க ஒரு ஆள் இருப்பாங்க. பெரிய பிராண்ட் பேரையே ஒட்டி நானூறு ரூபாய்க்கு விக்கிறது போலி. உள்ள என்ன ஆல்கஹால், என்ன சாயம்னு யாரும் பதில் சொல்லப் போறதில்ல. மருந்துக்கடையில ஜெனரிக் மாத்திரையை நம்பி வாங்குறோம், போலி மாத்திரையைத் தொடுறதில்ல. அதே கணக்குதான் இங்கேயும். ஆனா ஜெனரிக்ல அதே மூலக்கூறு இருக்கும், டூப்ல அந்த உத்தரவாதம் கிடையாது.

8/ என் முடிவு: இனிப்பு வாசனை பிடிக்கும்னா அசாத் தாராளமா வாங்கலாம். ஆபீஸ், கல்யாண வீடு எல்லாத்துக்கும் தாங்கும். எலிக்ஸிரோட அந்த லாவெண்டர் காரம்தான் வேணும்னா காசு சேர்த்து அசலையே வாங்குங்க. போலி மட்டும் வேண்டாம் தம்பி.