எந்த எண்ணெயை ஊற்றுவது?

தோசை மிளகாய்ப் பொடிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் சென்னைக்காரர் முகத்தைச் சுளிப்பார். நாஞ்சில் நாட்டில் அதை விட்டால்தான் ருசி. அப்பளத்துக்கு ஓர் எண்ணெய், ஊறுகாய்க்கு ஓர் எண்ணெய், தலைக்கு ஓர் எண்ணெய், சுவாமி விளக்குக்கு ஓர் எண்ணெய் என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கும் நம்மை எண்ணெய் விஷயத்தில் யாராவது ஏமாற்ற முடியுமா?

முடியும், சகோதரிகளே! வாசலில் நிற்கும் மோட்டார் காரை வைத்துத் தாராளமாக ஏமாற்றலாம். “அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்” என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆண்களோ, “அதெல்லாம் மெக்கானிக் சமாசாரம்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் மெக்கானிக் ஊற்றியதுதான் எண்ணெய், எழுதியதுதான் பில்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் பிறக்கக் காரணமாக இருந்தவர் ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் பெரியம்மை.

ஆரல்வாய்மொழியை ரயிலில் போகும்போதாவது பார்த்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் வாசல்படி மாதிரி ஒரு கணவாய். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் காலத்தில் திருவிதாங்கூர் படையும் கும்பெனிப் படையும் மோதிய கோட்டை வாசல் இதுதான். அந்த வாசல் வழியாக இப்போது படையெடுத்து வருவது காற்று ஒன்றே. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தெருவில் குடை பிடித்து நடப்பது ஒரு சர்க்கஸ் வித்தை. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் காடாக மண்டிக் கிடப்பதும் அதனால்தான்.

பெரியம்மை ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வயது எழுபத்தேழு. அவர்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருக்கிறது. காலஞ்சென்ற பெரியப்பா பழைய வண்டியாக வாங்கிப் பெரியம்மைக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த கார்.

ஹெரால்ட் நம் ஊர்ப் பிள்ளை என்பதை இளைய வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். இத்தாலியரான மிக்கலாட்டி உருவம் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி அது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலையில் தயாராயிற்று. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டே கதவு. பின் சீட்டில் மாமியாரை ஏற்றி இறக்க வேண்டிய நம் நாட்டுக்காகப் பின்னால் நாலு கதவு வைத்தார்கள். என்ஜின் 948 சி.சி.தான். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைத் திறந்தாற்போல் திறந்துகொள்ளும். அந்தத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. பெரியம்மையின் கார் மட்டும் மூடவில்லை.

அந்தக் காருக்கு ஒரு முக்கியமான உத்தியோகமும் இருந்தது. பெரியம்மையின் தங்கை, என் சித்தி, பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். செவ்வாயும் வெள்ளியும் சுமார் 15 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நாகர்கோவிலுக்குப் போய் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். பஸ் படியில் அவரால் காலைத் தூக்கி வைக்க முடியாது. அக்காள் ஓட்ட, தங்கை பக்கத்தில் உட்கார, எட்டு மாதமாக இப்படிப் போய் வந்ததில் மடங்கியிருந்த இடது கை விரல்கள் மெல்லப் பிரியத் தொடங்கியிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் காரின் முகப்பில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. என்ஜின் சூடான பிறகு, வண்டி நின்றபடி ஓடும்போது எரியும். வேகம் எடுத்தால் அணையும். எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்பதற்கு அது அடையாளம்.

நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினார்கள். “என்ஜின் போயிற்று, முழுக்கப் பிரிக்க வேண்டும்” என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன், பெரியம்மையின் மகன், “காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள்” என்றான். அம்மா மசியவில்லை என்றதும், விலை உயர்ந்த 5டபிள்யூ-30 செயற்கை எண்ணெய் ஒரு டின் வாங்கி அனுப்பினான். கார் ஷெட்டில் நின்றது. சித்தியின் சிகிச்சையும் நின்றது.

பெரியம்மை எனக்குப் போன் செய்தார். “நீ பத்திரிகையில எழுதுகவல்லா மக்களே? நாலு பேருகிட்ட வெசாரிச்சுச் சொல்லு. ஓட்டப்படாதுன்னா ஓட்டல்ல. ஆனா காரணம் தெரியாம நிறுத்த மாட்டேன்.”

விசாரித்தேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என்ஜினுக்குள் எண்ணெய்க்கு நாலு வேலை. உலோகமும் உலோகமும் உரசாமல் நடுவே மெல்லிய ஏடாக நிற்க வேண்டும். சூட்டைக் கடத்த வேண்டும். கரியையும் அழுக்கையும் சுமக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கை அடைக்க வேண்டும். இவற்றைச் செய்ய எண்ணெய்க்குச் சரியான பதம் வேண்டும். பாகு காய்ச்சியவர்களுக்குப் பதத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இளகினால் ஏடு நிற்காது. இறுகினால் காலையில் என்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகமாக நடப்பது அந்த நேரத்தில்தான்.

டின்னின் மேல் 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பது இந்தப் பதத்தைத்தான். 1911-லேயே அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் வகுத்த முறை, பின்னால் பலமுறை திருத்தப்பட்டது. ‘டபிள்யூ’ என்றால் குளிர்காலம். முதல் எண், குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், 100 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 5 என்ற எண் உறைபனி நாட்டுக்கு அவசியம். மார்கழியிலும் தண்ணீர் உறையாத ஆரல்வாய்மொழிக்கு அது எதற்கு?

இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். இன்றைய என்ஜின்களில் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிகவும் நுணுக்கமானது. அவற்றுக்கு இளகிய எண்ணெய் பொருந்தும். ஹெரால்ட், மோரிஸ் மைனர், பியட் 1100 போன்ற பழைய சிறு கார்கள் கெட்டியான எண்ணெய்க்கென்று அமைந்தவை. போதாக்குறைக்கு, ஐம்பது வருஷத் தேய்மானம் வேறு. 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 சாதாரண கனிம எண்ணெய்தான் அவற்றுக்கு ஏற்றது.

இன்னொரு சங்கதி துத்தநாகம். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு ரசாயனத்தை எண்ணெயில் சிறிதளவு சேர்ப்பார்கள். பழைய என்ஜின்களில் கேம் தண்டின் முட்டும், தட்டையான அடி கொண்ட டாப்பெட்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அங்கே தேயாமல் காப்பது இந்த ரசாயனந்தான். ஆனால் புதுக் கார்களின் புகைக் குழாயில் இருக்கும் சுத்திகரிப்புக் கருவியைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடும். ஆகவே 2004-ல் வந்த தரவிதியில், 5டபிள்யூ-30 போன்ற இளகிய ரகங்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். 20டபிள்யூ-50 ரகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஹெரால்டுக்குச் சுத்திகரிப்புக் கருவியும் இல்லை. ஆகவே அண்ணன் அனுப்பிய டின், விலையில் உசத்தியாக இருந்தும், இந்த வண்டிக்குப் பொருத்தமில்லை. பட்டுப் புடவை உசத்திதான். அதற்காக அதைக் கட்டிக்கொண்டு நெல் அவிப்பார்களா?

இவ்வளவையும் குறித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தோவாளைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு முதியவரைப் பெரியம்மை வரவழைத்திருந்தார். மூத்த தொழிலாளியை அந்தப் பக்கத்தில் ஆசான் என்பார்கள். நான் சொன்ன துத்தநாகப் பிரசங்கத்தை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதான் மக்களே. முதல்ல உள்ள என்ன கெடக்குன்னு பாப்போம்” என்று எண்ணெய்க் கோலை உருவினார், மூக்கருகே கொண்டுபோனார்.

“டீச்சரே, கடைசியா எப்ப எண்ணெய் ஊத்தினிய?”

“ஓணத்துக்கு முந்தி. அதுக்கப்புறம் சொட்டுகூட ஊத்தல்ல.”

“ஊத்தாமலே மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிக்கே! இதென்ன அட்சய பாத்திரமா? மோந்து பாருங்க.”

முகர்ந்து பார்த்தோம். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது.

ஹெரால்டில் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பு என்ஜினின் பக்கவாட்டில் இருக்கிறது. அதற்குள் ரப்பர் சவ்வு ஒன்று உண்டு. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் கீழே எண்ணெயில் கலந்துவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் சேர்ந்து வருகிறது அல்லவா? அந்தக் காலத்து ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஒத்துப்போவதில்லை. பெட்ரோல் கலந்த எண்ணெய் தண்ணீராய் இளகி, அழுத்தம் விழுந்திருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு என்றார் ஆசான். அந்த நிலையில் உலகத்திலேயே உயர்ந்த எண்ணெயை ஊற்றியிருந்தாலும் நாலு நாளில் அதே கதிதான்.

எத்தனாலைத் தாங்கும் புதுச் சவ்வு கோயம்புத்தூரிலிருந்து வர ஐந்து நாள் ஆயிற்று. பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். ஆசான் ஓர் அழுத்த மீட்டரை மாட்டி, முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வரை ஓட்டிப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவும் இல்லை. “பேரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கு டீச்சரே. எண்ணெய் அதுக்கு மருந்தில்ல. ஒரு வருசத்துக்குள்ள மாத்திப் போடணும். அதுவரை நிதானமா ஓட்டுங்க” என்றார். பட்டறைக்காரர் சொன்ன தொகையில் ஆறில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.

திரும்பும் வழியில் காற்றாலைகளைக் காட்டினார். அந்த உயரத்திலும் பெரும்பாலான யந்திரங்களில் ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. பெரிய யந்திரமானால் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் பிடிக்கும். இறக்கை மெதுவாகச் சுழன்றாலும் பாரம் அதிகம். அதனால் கார் எண்ணெயைக் காட்டிலும் கெட்டியான எண்ணெய். தையல் மிஷினில் பாரம் குறைவு, வேகம் அதிகம். அதனால் இளகிய எண்ணெய். பாரத்தையும் வேகத்தையும் சூட்டையும் பார்த்துத்தான் எண்ணெய். விலையைப் பார்த்து அல்ல.

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியுடன் வந்த கையேட்டில் சொன்ன பதத்தையே வாங்குங்கள். மாதம் இருமுறை, சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து எண்ணெய்க் கோலைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பயம் வேண்டாம். அழுக்கைச் சுமக்கிறது என்று அர்த்தம். பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் நெடி வந்தால் வண்டியைக் கிளப்பவே கூடாது. 5,000 கிலோமீட்டருக்குள், ஓடாத வண்டியானாலும் வருஷத்துக்கு ஒரு முறை, எண்ணெயை மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ வயல் வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், அது விஷம். மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள்.

யார் எந்தச் செலவைச் சொன்னாலும், “ஏன்?” என்று ஒரு முறை கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தை எண்ணி வைக்க அவசரமில்லை.

அண்ணன் அனுப்பிய டின் வீண்போகவில்லை. பொங்கலுக்கு வந்தவன் தன் புதுக் காருக்கு அதையே எடுத்துக்கொண்டு போனான்; அந்த வண்டிக்கு அதுதான் சரியான எண்ணெய். பெரியம்மை பேரிங்குக்காகப் பென்ஷனில் மாதாமாதம் ஒரு தொகையை எடுத்து வைக்கிறார். மூன்று வாரம் தடைப்பட்ட சிகிச்சையால் சித்தியின் விரல்கள் மறுபடி கொஞ்சம் மடங்கியிருந்தன. இப்போது செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போகிறார்கள். போன வாரம் சித்தி இடது கையால் தாமே கார்க் கதவைச் சாத்தினாராம்.