மலாக்காவில் ஒரு பெயர்ப்பலகை

சுங்கை காடுட்டிலிருந்து மலாக்கா அதிக தூரமில்லை. செனாவாங் டோலில் நுழைந்தால் பெடாஸ் லிங்கி, சிம்பாங் அம்பாட் தாண்டி ஆயர் குரோ. காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கார் இல்லாதவர்கள் நம்மூர் கொமுட்டர் நிலையத்தில் ஏறி, புலாவ் செபாங் – தம்பின் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் மலாக்காவைத் திட்டம் போட்டுப் பார்ப்பதில்லை. காலையில் போகிறோம், சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுக்கிறோம், செண்டோல் சாப்பிடுகிறோம், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.

வரும் பள்ளி விடுமுறையில் அங்கே ஓர் இரவு தங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா, அக்கா, அக்காவின் பத்து வயது மகள், நான். வானொலியில் வேலை பார்ப்பவளுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு கிடைப்பதே பெரிய விஷயம். அதனால் நிகழ்ச்சிக்கு நிரல் எழுதுவதுபோல் இதற்கும் எழுதினேன். அம்மாவுக்குக் கோயில். அக்காவுக்கு ஜொங்கர் தெரு இரவுச் சந்தை. சின்னவளுக்குப் படகு. எனக்கு ஒரே ஒரு பெயர்ப்பலகை.

சில மாதங்களுக்கு முன் சின்னவள் பள்ளி விட்டு வந்து, “சித்தி, கெலிங்னா என்ன?” என்று கேட்டாள். ஏதோ சண்டையில் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். அக்காவின் முகம் மாறியது. தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த அம்மா, “அதையெல்லாம் காதில் போட்டுக்காதே” என்றார். அது கெட்ட வார்த்தை, நீ சொல்லாதே என்று நானும் சொல்லி வைத்தேன். ஆனால் அவள் கேட்டது நல்லதா கெட்டதா என்றல்ல, என்ன என்றுதான். அதற்குப் பதில் மலாக்காவில் இருக்கிறது.

முதல் நாள் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்குகிறோம். போர்த்துகீசியரின் ‘ஃப்ளோர் டி லா மார்’ கப்பலின் மாதிரி அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. 1511-இல் மலாக்காவைப் பிடித்து, கொள்ளையடித்த செல்வத்தை ஏற்றிச் சென்று, அதே ஆண்டில் சுமத்ரா கரையோரம் மூழ்கிய கப்பல் அது. “துறைமுகம் எங்கே?” என்று சின்னவள் கட்டாயம் கேட்பாள். அ ஃபமோசா கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் இன்று பேரங்காடிகள். செயின்ட் பால் குன்றின்மேல் ஏறினால்தான் கடல் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று புரியும். வெயில் சாய்ந்த பிறகு ஏறுவது அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது. இரவில் படகு, முக்கால் மணி நேரச் சவாரி.

பாய்மரக் கப்பல் காலத்தில் இந்த ஊர் காற்றை நம்பி வாழ்ந்தது. ஒரு பருவக்காற்றில் வந்தவர்கள், திரும்பிப் போக அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களும் அதில் ஒருவரின் பொறுப்பு. காத்திருந்தவர்களில் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்கா செட்டிகள்.

இரண்டாம் நாள் காலை, பசியாறிய கையோடு ஜாலான் துக்காங் எமாஸ். தட்டார் தெரு என்று பொருள். 1781-இல் செட்டி சமூகத் தலைவர் ஒருவர், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளி 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசல். அடுக்குக் கூரை, பகோடா போன்ற மினாரா. இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அந்தப் பள்ளிவாசலின் பெயர் மஸ்ஜிட் கம்போங் கிளிங். எனக்கு வேண்டிய பலகை அதுதான்.

கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்த சொல் அது என்பார்கள். பழைய மலாய் இலக்கியத்தில் தென்னிந்தியாவையும் அங்கிருந்து வந்தவர்களையும் குறித்த சாதாரணப் பெயர். அதில் இகழ்ச்சி ஏறியது பிற்காலத்தில். அதற்காக அந்தச் சொல்லை எடுத்து மாட்டிக்கொள் என்று சின்னவளிடம் சொல்லப் போவதில்லை. அவளை அப்படி அழைப்பது இன்றும் தவறுதான். ஆனால் அந்தப் பையன் எறிந்த சொல், ஒரு காலத்தில் ஒரு தெருவுக்கு மரியாதையோடு வைத்த பெயர் என்று தெரிந்தவளை அது அவ்வளவு எளிதில் காயப்படுத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பலில் துணி ஏற்றி வந்தவர்களால்தான் நமக்குப் பெருமை என்று அவள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுடைய பூட்டி விடியற்காலையில் பால் வெட்டிச் சுமந்த வாளியும் இந்த நாட்டைக் கட்டியதுதான். இரண்டும் நம் வரலாறு.

மதியம் காஜா பெராங்கில் உள்ள செட்டி கிராமம். 1822-இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயிலும், சிறிய அருங்காட்சியகமும் உண்டு. இங்குள்ளவர்களின் வீட்டு மொழி மலாய். ஆனாலும் போகிப் பண்டிகையன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். தமிழ் பேசிப் பிழைக்கும் எனக்கு இது யோசிக்க வைக்கும் இடம். மொழி போன பிறகும் சாமி நிற்கிறது. ஆனால் முன்னோரைக் கூப்பிடும் சொற்கள் மாறிவிடுகின்றன. சின்னவள் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறாள் என்பதை அக்காவும் நானும் காரில் திரும்பும்போது பேசிக்கொள்வோம்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில குறிப்புகள். ஜொங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே. அந்த நாள்களில் அறை வாடகை கூடும், முன்கூட்டியே பதியுங்கள். அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். செட்டி கிராமத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவர்களிடம்தான் பதில் இருக்கும்.