ஐந்தாம் படி



நேற்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் பழைய மாணவன் ஒருவன். சென்னையில் மென்பொருள் வேலை. "எங்க கம்பெனி சிஎம்எம்ஐ லெவல் 5 சார்" என்றான். வாட்ஸ் ஹம்ப்ரி என்ற அமெரிக்கர் அடித்தளமிட்ட ஐந்து படிகள். (2000இல் சென்னையில் அவர் பெயரில் ஒரு நிறுவனமே தொடங்கினார்களாம்!) முதல் படியில் கெட்டிக்காரர்கள் தயவில் வேலை முடியும். ஐந்தாவதில், தவறுகளை எண்ணி, எங்கே பிறக்கின்றன என்று தேடி, வேலை செய்யும் முறையையே திருத்துவார்கள்.

"ஆளைத் திட்டிப் பிரயோஜனமில்ல சார்."

சுருக்கென்றது. கடன்வாங்கிக் கழித்தலில் நடுவே பூஜ்யம் வந்தால் பாதி வகுப்பு ஒரே தப்பைச் செய்யும். எல்லார் காதையும் திருகினேன். சொல்லிக்கொடுத்த விதத்தை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

இறங்கும்போது கேட்டேன்: "உன் காதையும் திருகியிருக்கேனாப்பா?"

சிரித்தான். "இடது காது சார்."