தாழ்ப்பாள்

இந்த வாரம் உங்களை எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு அழைத்துப் போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சுத்தமாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு வயது 76. போன வருஷம் சமையலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் மனைவி வந்து காதோடு சொன்னாள்: ‘‘அத்தை பாத்ரூம் போறாங்க, தண்ணிச் சத்தம் கேக்குது. ஆனா, துண்டு நனையவே மாட்டேங்குதுங்க.’’

எனக்குத் திக்கென்றது. குளிக்காமல் காபி டம்ளரைத் தொடாத அம்மா! 76 வயதில் பொய்க் குளியல் குளிக்கிறார் என்றால், உள்ளே எவ்வளவு பயம் இருக்க வேண்டும்?

உடனே நான் என்ன செய்தேன்? நம்மில் பலரும் செய்வதைத்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குக் கிளம்பிப் போனேன்.

பாத்ரூம் சாமான்கள் விற்கும் பெரிய கடை. ‘‘பெரியவங்களுக்கா? இதைப் பாருங்க சார்’’ என்று விற்பனையாளர் ஒரு கேட்லாகைப் பிரித்தார். பக்கவாட்டில் கதவு வைத்த குளியல் தொட்டி. காலைத் தூக்கி ஏற வேண்டாம். கதவைத் திறந்து நடந்தே உள்ளே போகலாம். உள்ளே இருக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அம்மாவை வைத்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

ஆனால், படித்தது பி.காம். ஆயிற்றே! கண் கலங்கினாலும் கை பற்று-வரவு எழுத ஆரம்பித்துவிடும்.

தொட்டிக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம்ம வாளிக்கு 20 லிட்டர் என்றால், ஒரு குளியலுக்குப் பத்து வாளி. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த குடும்பம் எங்களுடையது. வீட்டு கீசரோ 15 லிட்டர். தொட்டி நிரம்புவதற்குள் தண்ணீர் ஆறி, அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிடும்.

இன்னொன்று. கதவை உள்பக்கமாகத் திறக்கும் தொட்டிகளில் தண்ணீரின் அழுத்தமே கதவை அழுத்தி மூடிக்கொள்கிறது. தண்ணீர் வடிந்தால்தான் திறக்க முடியும். அதாவது, முதலில் உள்ளே போய்க் கதவை மூடி, தண்ணீர் நிரம்பும்வரை உட்கார வேண்டும். குளித்த பிறகு வடியும்வரை ஈரத்தோடு உட்கார வேண்டும். வாசலில் சில அங்குல உயரத்துக்குத் தடுப்பு வேறு. அதையும் தாண்ட வேண்டும்.

தொட்டியைக் குறை சொல்லவில்லை. காலமெல்லாம் தொட்டியில் படுத்துக் குளித்தவர்களுக்கு, வயதான பின் அந்த உயரமான விளிம்பைத் தாண்டுவதுதான் ஆபத்து. அவர்களுக்கு இந்தக் கதவு பெரிய வரம். நம் வீட்டில்தான் அந்த விளிம்பே இல்லையே! இல்லாத சுவரைக் கட்டி, அதில் கதவு வைக்கவா லட்சக்கணக்கில் செலவு?

வீடு திரும்பி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

‘‘உனக்கு என்னம்மா கஷ்டம்?’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொட்டித் தீர்த்தார். குனிந்து வாளியில் மொள்ள முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. தரை வழுக்குகிறது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ‘‘தாழ்ப்பாளைக் கழட்டிட்டே. கதவை வெறுமனே சாத்திட்டு எப்படிடா குளிக்கிறது?’’

ஆமாம், நான்தான் கழற்றினேன். விழுந்தால் உள்ளே போகணுமே என்று. அவருடைய பாதுகாப்பை நினைத்தவன், மானத்தை நினைக்கவில்லை.

ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று ஸ்டீல் கைப்பிடிகள். சுவரைத் துளைத்து போல்ட் முடுக்கியது. (துண்டு போடும் கம்பியை நம்பிவிடாதீர்கள். துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது. வெறுமனே சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடியும் அப்படித்தான்.) ரப்பர் கால் வைத்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் குளியல் நாற்காலி. பாதம் தரையில் முழுசாகப் படியும்படி உயரம் வைத்தோம். உட்கார்ந்தபடியே ஊற்றிக்கொள்ள, நீளக் குழாய் வைத்த ஹேண்ட் ஷவர். பளபள டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸ்.

பிளம்பர் பையன்தான் இன்னொரு யோசனை சொன்னான்: ‘‘கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திடலாம் சார். உள்ளே கதவை ஒட்டி விழுந்துட்டா, தள்ளித் திறக்க முடியாது.’’ எவ்வளவு பெரிய விஷயம்! எனக்குத் தோன்றவே இல்லை.

தாழ்ப்பாளும் திரும்பி வந்தது. உள்ளே பூட்டிக்கொள்ளலாம், அவசரம் என்றால் வெளியிலிருந்து பூட்டின் பிளவில் காசைச் செருகித் திருகினால் திறந்துவிடும். அதற்கென்று ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை நிலைப்படி மேலே வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு, கடைக்காரர் சொன்ன தொட்டி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஹாலில் உட்கார வைத்துத் தலைக்கு மட்டும் நல்லெண்ணெய். வழுக்கும் என்பதால் உள்ளங்காலுக்குக் கிடையாது. ‘க்ளிக்’ என்று பூட்டும் சத்தம். சீயக்காய் வாசனை. நான் நியூஸ்பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெளியே காவல்.

இருபது நிமிஷத்தில் அம்மா வந்தார். தலையில் சுற்றிய துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

‘‘காபி’’ என்றார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். கடைக்குப் போகுமுன் அவர்கள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். தொட்டி வாங்குவதா, கைப்பிடி வாங்குவதா என்று அவர்களே சொல்வார்கள்.

நிலைப்படி மேல் அந்த ஒரு ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் செலவழிக்க விரும்பாத ஒரே காசு அதுதான்.