நீளத் தூண்டில் தடி

தூண்டில் தடி வாங்குவதைப் பற்றி ஒரு பெண் எழுதினால் சிரிப்பார்கள் என்று அக்கா சொன்னார். சிரிக்கட்டும். தையல் மெசினை எப்படிப் பார்த்து வாங்குவது, கறவை மாட்டை எப்படித் தெரிவு செய்வது என்றெல்லாம் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். கோழிக்கூடும் தந்தார்கள். வலக்கை நெஞ்சளவுக்கு மேலே எழும்பாத ஒருத்தி எந்தத் தடியை வாங்க வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகத் தேடி அறிய ஏறக்குறைய ஒரு வருடம் சென்றது. என்னைப் போலத் தோளிலும் முழங்கையிலும் இரும்புத் துண்டோடு வாழும் சகோதரிகள் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மாத்தளை மாவட்டத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு, நான்கு வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு ஐயாவும் அம்மாவும் கிளிநொச்சிக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். மூத்த அக்கா மட்டும் இங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டார். ஐயா காடு வெட்டினார், கூலி வேலை செய்தார், இரணைமடுக் குளத்தில் விரால் பிடித்தார். அவருடைய தடி பன்னிரண்டு அடி மூங்கில். அடுப்புப் புகையில் மாதக்கணக்காகக் காயவைத்தது. அதில் றீல் கிடையாது. நுனியில் தங்கூசி, அதன் முனையில் முள், முள்ளில் தவளை. கரையோரப் புல்லின் மேல் தவளையைத் தத்தித் தத்தி ஆடவிடுவார். ஏழு பிள்ளைகளில் அதைக் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

2009 பெப்ரவரியில் சுதந்திரபுரத்தில் கணவரை இழந்தேன். அதே நாளில்தான் என் தோளும் போனது. மனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது அக்காவைத் தவிரப் போக வேறு இடமில்லை. கண்டியில் தொடங்கி மாத்தளை, நாவுல, தம்புள்ளை என்று போய், வவுனியா, கிளிநொச்சி தாண்டி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ9 வீதி என்ற ஒற்றை ரோட்டில்தான் என் சீவியம் முழுதும் மேலும் கீழுமாக ஓடியிருக்கிறது. இப்போது தம்புள்ளைப் பக்கம் இருக்கிறேன். பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி தரம் பிரிக்கிறேன். 1999இல் தொடங்கிய அந்தச் சந்தையில் இரவும் பகலும் லொறி வந்துகொண்டே இருக்கும், வேலைக்குக் குறைவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலைக்குக் கூலி குறைவு. மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கியபோது அந்தக் கூலி போதவில்லை.

மாத்தளை என்றால் ஏலக்காய், மிளகு, தேயிலை என்றுதான் பலருக்கு நினைவு வரும். மாவட்டத்தின் வடக்குப் பாதி அப்படியல்ல, அது குளங்களின் நாடு. கண்டலம, தேவஹூவ, வேமெடில்ல, மகாவலித் திட்டத்தில் கட்டிய போவத்தென்ன, எல்லாவற்றுக்கும் பிந்தி 2018இல் திறந்த மொரகஹகந்த என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் வலைக்காரர் பிடிப்பது பெரும்பாலும் திலாப்பியா. 1950களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது, இன்று ஏழை வீட்டுக் கறியே அதுதான். விரால் அப்படி மலிவாகக் கிடைக்காது. சத்திரசிகிச்சை செய்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் ரசம் வைத்துக் கொடுத்தால் புண் ஆறும் என்று தமிழரும் நம்புகிறார்கள், சிங்களவரும் நம்புகிறார்கள். அவர்கள் அதை லூலா என்பார்கள். உயிரோடு வாளியில் கொண்டுபோனால் திலாப்பியாவைப் போலப் பல மடங்கு விலை. சிலிர்ப்பு மட்டும் வைத்து மூச்சு விடும் மீன் அல்ல அது. மேலே வந்து காற்றையும் இழுக்கும், ஆகவே ஈரத் துணியில் சுற்றினாலும் வீடு வரை உயிர் தாங்கும்.

குளத்துக்குப் போவதென்று முடிவெடுத்ததும் முதலில் மீனவர் சங்கத்தில் கேட்டேன். கரையில் நின்று தூண்டில் போடுவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, வலைப்பக்கம் மட்டும் வரவேண்டாம் என்றார்கள். போயா நாளில் நான் தூண்டில் எடுப்பதில்லை. அயலவர் சில் எடுத்திருக்கும் நாளில் கையில் மீனோடு அவர்கள் வாசலைத் தாண்டிப் போக எனக்கே மனம் வராது.

ஐயாவைப் போல மூங்கில் பிடிக்க என்னால் ஏலாது. பன்னிரண்டு அடி மூங்கிலை நாள் முழுதும் தாங்க இரண்டு நல்ல தோள் வேண்டும். கடையில் விற்கிற ஆறடித் தடியை இடக்கையால் வீசலாம், ஆனால் எங்கள் கரையில் அது போதாது. கரையிலிருந்து பதினைந்து இருபது மீற்றர் வரை சல்வீனியாப் பாசி மூடிக் கிடக்கும். விரால் அதன் வெளி விளிம்பில் நிற்கும். சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும் மாதங்களில் சின்ன ரப்பர்த் தவளை காற்றோடு திரும்பி என் காலடியிலேயே விழும். வாளை மீன் என்றால் கையளவு இரையைத்தான் திரும்பிப் பார்க்கும். ஆக, கனமான இரை வேண்டும், அதை வீச நீளமான தடி வேண்டும். நீளத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீர் விளிம்பிலிருந்து நாலடி பின்னுக்கு நின்றே தூண்டில் போடலாம். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கணக்கை எனக்கு விளங்கவைத்தவர் கணவரின் தம்பி. அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். கனடாவின் ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன் உண்டு. நீண்ட உடம்பு, முதலை போன்ற வாய், மீற்றருக்கு மேல் வளரும். பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சாம். அதற்குப் போடும் போலி இரை ஒரு முழு மீனின் அளவு, இருநூறு முந்நூறு கிராம் கூட இருக்கும். முந்திய காலத்தில் அந்த ஆட்கள் ஐந்தரை, ஆறு அடியில் கட்டையான, வளையாத தடி வைத்திருந்தார்களாம். நாள் முழுதும் அந்தக் கனத்தை வீசித் தோளும் முதுகும் போன பிறகு ஏழு, எட்டு, ஒன்பது அடி என்று நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"அண்ணி, தடி நீண்டால் கை குறைய அசைஞ்சாலே நுனி நிறையத் தூரம் போகும். வேலையைத் தடி செய்யும். நீங்கள் ரெண்டு கையாலயும் பிடியுங்கோ" என்று போனில் சொன்னார். ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தந்த பிசியோ மிஸ்ஸும் முன்பு இதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். உங்கள் தோள் தூக்காது, ஆனால் இழுக்கும் என்றார். கீழ்க்கையால் வயிற்றுப் பக்கம் இழுப்பது எனக்கு முடிகிற அசைவு. இடக்கை மேலே றீல் பக்கத்தில் நிற்கும், வலக்கை தடியின் அடியில் நிற்கும். இடக்கை முன்னே தள்ள, வலக்கை தன் பக்கம் இழுக்க, தடி நடுவில் துலாவைப் போலத் திரும்பும். வலக்கை கடைசி வரை நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கும்.

2023இல் அவர் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய மஸ்கித் தடி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்பதடி. பிடிக்கு மேலே பத்து அவுன்ஸ் வரை என்று அச்சடித்திருந்தது. ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம், அப்படியென்றால் 280 கிராம். அறுவடை முடிந்த வயலில் மூன்று கிழமை அதை வீசிப் பழகினேன். முள்ளுக்குப் பதில் ஈயக் கட்டி. அக்காவின் மளிகைத் தராசில் நிறுத்து 60 கிராமில் ஒன்று, 100 கிராமில் ஒன்று, 200 கிராமில் ஒன்று செய்திருந்தேன். 200ஐக் கட்டினால் தடி அழகாக வளைந்து எறிந்தது, ஆனால் பத்து வீச்சுக்குள் என் தோள் எரியும். 60ஐக் கட்டினால் தடி வளையவே இல்லை, உலக்கையைச் சுழற்றுவது போல இருந்தது. வளையாத தடியில் முழுப் பாரமும் எங்கள் மூட்டுக்குத்தான் வருகிறது. மற்றச் சங்கதிகளை எல்லாம் இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதிக கிராம் எழுதிய தடி பலமானது என்று கடைக்காரர் சொல்வார். எங்களுக்கு வேண்டியது நாங்கள் கட்டப்போகும் இரையின் நிறைக்கு வளைகிற தடி. அதைவிட மெலிந்ததை வாங்கினால் முறியும், அதைவிடத் தடித்ததை வாங்கினால் தோள் முறியும்.

என் இரைகள் 50இலிருந்து 90 கிராம் வரை. நானே செய்கிறேன். தேய்ந்த பாட்டாச் செருப்பை மீன் வடிவில் வெட்டி, வயிற்றில் ஈயம் வைத்து, பக்கங்களுக்கு நெயில் பொலிஷ் பூசினால் கடைச் சாமானுக்குக் குறைவில்லாமல் மிதந்து நீந்தும். ஆகவே எட்டரை அடியில், 40 முதல் 120 கிராம் வரை என்று எழுதிய, நுனி மட்டுமல்லாமல் நடு வரைக்கும் வளைகிற தடியைத் தேடினேன். ஒன்பதடியில் அரை அடி குறைத்ததற்குக் காரணம் நுனிப் பாரம். தடி நீள நீள முன்பக்கம் கீழே இழுக்கும், அதைத் தூக்கிப் பிடிப்பதே ஒரு வேலை. றீலைப் பூட்டி, றீலுக்கு முன்னே இரண்டு விரலில் வைத்துப் பாருங்கள். நுனி விழுந்துகொண்டே போனால் அந்தத் தடி வேண்டாம்.

கடைக்குப் பெறாமகனோடு போனேன், லொறி அவனுடையது. கடைக்காரர் கடைசி வரை அவனைப் பார்த்தே பேசினார். அவன் ஒவ்வொரு தடவையும் "சித்தியிட்ட சொல்லுங்க" என்று சொல்லிப் பார்த்தான். நான் பையிலிருந்து 60 கிராம் ஈயத்தை எடுத்துத் தடியின் நுனியில் கட்டித் தூக்கிப் பார்த்தபோதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். தடியின் அடிப்பகுதியையும் அளந்தேன். றீல் இருக்கும் இடத்திலிருந்து அடி முனை வரை என் முழங்கையிலிருந்து விரல் நுனி அளவு இருக்கவேண்டும். குறைந்தால் கீழ்க்கைக்கு இழுக்க இடம் போதாது. கூடினால் சட்டையிலும் விலாவிலும் இடிக்கும். வளையங்களுக்குள் பஞ்சுத் துண்டை விட்டுச் சுற்றினேன். ஒன்றில் பஞ்சு சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் நூலை அறுத்துவிடும், கனமான இரை நூல் அறுந்து பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. வேறு தடி எடுத்துத் தந்தார். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது. கழற்ற முடியாத எட்டரை அடியைத் தம்புள்ளை பஸ்ஸில் எந்தக் கொண்டக்டர் ஏற்றுவார்?

றீல், தடிக்கு மேலே உட்காரும் உருளை வகை, கைப்பிடி வலப்பக்கம். இடக்கை தடியை விடாமல் பிடித்திருக்க, வலக்கை இடுப்பளவில் நின்றே சுற்றும். என் உடம்புக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. உருளையில் இடப் பெருவிரலை மெதுவாக வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் நூல் குருவிக்கூடு கட்டும். அது பழக ஒரு மாதம் செல்லும். தங்கூசிக்குப் பதில் பின்னல் நூல் போட்டேன், பாசியை அறுத்துக்கொண்டு வரும்.

2022இல் ரூபா விழுந்த பிறகு இந்தச் சாமான் எல்லாம் நெருப்பு விலை. சீட்டுப் பணம் முழுவதும் போனது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதல் ஐந்து ஞாயிறும் வெறுங்கையோடுதான் திரும்பினேன், ஆறாவது ஞாயிறு இரண்டு விரால். மகளின் ரியூசன் காசு இப்போது பெரும்பாலும் குளத்திலிருந்துதான் வருகிறது. மழை கொட்டும் மாதங்களில் வராது.

ஒரு விசயத்தில் நான் கண்டிப்பு. தண்ணீரின் மேல் சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டு போவதைக் கண்டால் அந்தப் பக்கம் வீசமாட்டேன். தாயோ தகப்பனோ கீழே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் வந்து பிடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை. மகாவலி நீரில் மட்டும் இருக்கிற கங் ஆரா என்ற பெரிய விரால் இனம் அகப்பட்டாலும் திருப்பி விடுகிறேன். அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன். பெறாமகனுக்கு இதில் உடன்பாடு இல்லை, ஒரு தடவை பெரிய சண்டையே வந்தது.

போன மாதம் சந்தையில் என்னோடு வேலை செய்யும் இருவர் கூட வந்தார்கள். ஒருத்தி மூதூரிலிருந்து வந்தவள், இடக்கையில் மூன்று விரல்தான். மற்றவள் உயரம் குறைந்தவள். இருவருடைய முழங்கையையும் என் தடியின் அடியோடு வைத்து அளந்தோம். மூதூர்க்காரிக்குச் சரியாக வந்தது, ஆனால் அவளுக்கு றீல் கைப்பிடி மற்றப் பக்கம் வேண்டும். கட்டையானவளுக்கு எட்டடி போதும். வருகிற மாதம் சீட்டு விழுந்ததும் கடைக்குப் போகிறோம். இந்த முறை பெறாமகனைக் கூப்பிடப் போவதில்லை, பஸ்ஸிலேயே போவோம்.