பாடுகிறவர் யார் முகம் பார்க்கிறார்?

நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் அருவங்காட்டில் ஒரு கலை நிகழ்ச்சியை இணையத்தில் நடத்தித் தரும்படி யாராவது கேட்டு வந்தால், நான் கேமராவைப் பற்றியோ மைக்கைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. “பாடப்போகிறவர் கண்ணுக்கு எதிரே யார் இருப்பார்கள்?” என்று கேட்கிறேன். பலர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. படம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒலி நன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் பார்ப்பவருக்குக் கலைஞரைக் காட்டுவது பாதி வேலை. கலைஞருக்குப் பார்ப்பவரைக் காட்டுவது மறுபாதி. அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்தாலும் நிகழ்ச்சி களைகட்டுவதில்லை.

எங்கள் ஊருக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 1903இல் கார்டைட் தொழிற்சாலை வந்ததிலிருந்து அருவங்காடு பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வாழும் இடம். வேலை கிடைத்து மலையேறுவார்கள், கோட்டர்ஸில் பிள்ளைகளை வளர்ப்பார்கள், ஓய்வு பெற்றதும் பலர் கீழே இறங்கிவிடுவார்கள். பக்கத்திலேயே ஜெகதளா. அங்கும் சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும் பிறந்த படகர் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோவை, பெங்களூரு, அதற்கும் அப்பால் போயிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியின் டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு ஹட்டன், நுவரெலியா பக்கம் இன்னும் சொந்தம் உண்டு. ஆக, இங்கே எந்த விழா எடுத்தாலும் அதற்கு உரியவர்களில் ஒரு பகுதியினர் ஊரில் இருப்பதில்லை. அவர்களும் வந்து உட்கார ஓர் இடம் செய்வதுதான் என் வேலை.

கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று மைக்செட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்ததும் மண்டபங்கள் மூடின. அந்த ஆண்டு மார்கழியில் சென்னை சபாக்களே இணையத்துக்கு வந்துவிட்டன; மியூசிக் அகாடமியும் தன் விழாவை இணையத்தில்தான் நடத்தியது. ஆளில்லாத அரங்கில் நல்ல கருவிகள் வைத்து முன்கூட்டியே பதிவுசெய்து வெளியிட்ட கச்சேரிகள் பல. அவற்றின் ஒலிச்சுத்தத்தைக் கேட்டு நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் பதிவில் ஒரு “சபாஷ்” விழ வழியில்லை என்பதையும் கவனித்தேன். தேர்ந்த வித்வான்கள் அந்த வெறுமையைத் தங்கள் பயிற்சியால் தாண்டிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதிரே முகங்கள் வேண்டும். அதனால் குறை இருந்தாலும் நேரலை என்பதையே நான் பிடித்துக்கொண்டேன்.

நேரலை என்றதும் முதலில் வருவது தாமதம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையில் 10 மீட்டர் தள்ளி நிற்கும் இருவருக்கு இடையே சுமார் 30 மில்லிசெகண்ட் தாமதம்; அதுவரை தாளம் ஒட்டி நிற்கும். ஜூம் போன்ற செயலிகளில் அந்தத் தாமதம் இதைப்போலப் பல மடங்கு. குன்னூரில் ஒருவர் தட்டி, கோவையில் ஒருவர் பாடினால் தாளம் சேரவே சேராது. ஆகவே சேர்ந்து இசைப்பவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. தூரத்தில் இருப்பவரையும் சேர்க்க ஆசைப்பட்டால் பாட்டு முடிந்த இடத்தில் அவர் கதையை எடுக்கட்டும், விடுகதை போடட்டும், அடுத்த பாட்டை அவர் தொடங்கட்டும். மாறி மாறி வருவது எதையும் தாமதம் கெடுப்பதில்லை.

அடுத்தது இரைச்சல் நீக்கம். கூட்டங்களில் பேசுவதற்காகச் செய்யப்பட்ட செயலிகள், இடைவிடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் அப்படித்தான் காணாமல் போகின்றன. தம்பட்டையின் அடி பாதி வரும், பாதி அமுங்கும். ஒலியைத் தொடாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு ஜூமில் இருக்கிறது. பாட்டு நிகழ்ச்சிக்கு அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும். அதைப் போட்டதும் அறையின் எதிரொலியும் தகரக்கூரையில் விழும் மழையும் அப்படியே உள்ளே வரும். மழைக்கு மருந்து, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். மழைச் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். எதிரொலிக்குச் சுவரில் கம்பளி கட்டுகிறேன். மலையில் கம்பளி இல்லாத வீடு ஏது?

மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று இங்கே சொல்வார்கள். கைபேசி அலையை மூடுபனி அவ்வளவாகத் தடுப்பதில்லை. டவருக்கும் நமக்கும் நடுவே நிற்கும் மலைச்சரிவுதான் தடுக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுவதும், கரண்ட் போவதும் அதோடு சேர்கிறது. அதனால் இடம் பார்க்கப் போகும்போது அறை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கைபேசியோடு வீட்டைச் சுற்றி நடந்து, அப்லோடு வேகம் எங்கே நிலையாக இருக்கிறது என்று பார்க்கிறேன். பத்தடி தள்ளினால் கதை மாறிவிடும். இரண்டு வேறு நிறுவன சிம்கள், ரவுட்டருக்குத் தனி பேட்டரி, இவை இல்லாமல் தொடங்குவதில்லை.

படத்தின் தரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 1.8 ஜிபி ஓடிவிடும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டுக்காரருக்கு நிகழ்ச்சி முடியும் முன்பே டேட்டா தீர்ந்துவிடும். ஆகவே படத்தைக் குறைத்து ஒலியைக் காப்பாற்றுவது என் வழக்கம். முகம் கொஞ்சம் மங்கினால் யாரும் எழுந்து போவதில்லை. பாட்டு அறுந்தால் போய்விடுகிறார்கள்.

இனி, நான் முதலில் சொன்ன முகம். நிகழ்ச்சியை யூடியூபில் எல்லோருக்கும் விடுகிறோம். ஆனால் அங்கே பார்ப்பவரின் பதில் சில நொடிகள் கழித்துத்தான் வரும். அதனால் கூடவே ஒரு சிறிய ஜூம் கூட்டம் வைக்கிறேன். கலைஞரை நன்கு அறிந்தவர்கள், அக்காள் தங்கைகள், பழைய கோட்டர்ஸ் பக்கத்து வீட்டுக்காரர்கள், பேரப்பிள்ளைகள் அதில் இருப்பார்கள். அவர்கள் கேமராவை அணைக்கக்கூடாது. பாடுகிறவரைப் படமெடுக்கும் எங்கள் கேமராவை ஒட்டினாற்போல, கண் மட்டத்தில், அவர்கள் முகங்கள் தெரியும்படி ஒரு பெரிய திரை. பாட்டு முடிந்ததும் அவர்கள் மைக்கைத் திறந்துவிடுகிறோம். “பாட்டி, அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தரம் பாடுங்க” என்று பெங்களூரிலிருந்து ஒரு குரல் வரும்போது பாடுகிறவரின் முதுகு நிமிர்வதைப் பார்க்க வேண்டும். அதன்பின் வரும் பாட்டு வேறு பாட்டு.

இந்தக் கூட்டத்தைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கிறேன். யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பார்த்துப் பெயர் சொல்லி வரவேற்பது அவர் பொறுப்பு. “ஹட்டன் மாமா வந்துட்டார்” என்று சொன்னால் வந்தவருக்கும் மகிழ்ச்சி, பாடுபவருக்கும் தெம்பு. நேரம் குறிப்பதும் இதில் சேரும். இங்கே மாலை 6 மணி என்றால் துபாயில் மாலை 4.30, சிங்கப்பூரில் இரவு 8.30. தொழிற்சாலை ஷிப்ட், தோட்டத்தில் இலை எடை போடும் நேரம், பிள்ளைகளின் தேர்வு எல்லாம் பார்த்துத்தான் நாள் குறிக்கிறோம்.

எல்லாவற்றையும் திரையில் போடுவதில்லை. படகர் ஆட்டம் வட்டமாக ஆடுவது. யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து ஆடுவது. அதைத் தட்டையான திரைக்குள் அடைத்தால் அதன் அழைப்பு போய்விடுகிறது. அதனால் ஆட்டத்தைச் சிறிது காட்டி, காலடியைச் சொல்லித்தரும் பாடமாக மாற்றிவிடுகிறேன். வெளியூரில் வளரும் பிள்ளைகள் வீட்டுக் கூடத்திலேயே ஆடிப் பழகுகிறார்கள். படகர்களின் ஹெத்தையம்மன் விழாவில் எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். தோட்டக் குடும்பங்களின் மாசி மாதக் காமன் கூத்து பல நாள் ஊரே சேர்ந்து நடத்துவது. அதன் கதையையும் பாட்டையும் தெரிந்தவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம், ஹட்டனில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளலாம். காமனை எரிப்பது ஊரில்தான் நடக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு பதிவு என்ன ஆகிறது என்பதும் எங்கள் தொழிலின் பகுதி. மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் நீலகிரிக்கு வந்து தோடர் பாடல்களைக் கேட்டு எழுதினார். அவை 1971இல் பெரிய நூலாக வந்தன. அரிய உழைப்பு அது. இன்று நம் கைபேசியில் குரலே பதிவாகிறது. அந்தக் குரல் பாடியவரின் குடும்பத்துக்கும் ஊருக்கும் போய்ச்சேர வேண்டும். எனவே நேரலைக்கு ஒரு சம்மதம், பதிவை வைத்திருக்க வேறொரு சம்மதம் என இரண்டையும் தனித்தனியே கேட்கிறேன். சாவுச் சடங்குப் பாட்டுகளைப் பொதுவில் விடுவதில்லை. ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டில் பென்டிரைவில் கொடுக்கிறேன். பாட்டின் பெயர், யாரிடம் கற்றது, எந்தச் சமயத்தில் பாடுவது என்ற விவரங்களோடு.

மண்டபங்கள் திறந்து ஆண்டுகள் ஆகின்றன. இணைய நிகழ்ச்சி இனி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மண்டபத்துக்கு வர முடிந்தவர்களுக்கு மண்டபம்தான் நல்லது. நானும் அங்கேதான் மைக் போடுகிறேன். ஆனால் இறங்கிப் போனவர்களும் இந்த ஊரின் ஆட்கள்தான். உங்கள் ஊரில் விழாக் குழு கூடும்போது, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் பிரிப்பது போல, வெளியூரில் இருப்பவர்களை அழைத்து உட்கார வைக்கவும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒரு நல்ல மைக் வாங்குங்கள். மிச்சப் பணம் இருந்தால் இரண்டாவது கேமரா வேண்டாம். பாடுகிறவர் எதிரே வைக்க ஒரு திரை வாங்குங்கள்.