முகூர்த்தத்துக்குள் ஆறாத மூக்கு

மூக்கைத் திருத்திக்கொள்ளலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தேதியோடு சேர்ந்தே வருகிறது. வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், போட்டோ அனுப்ப வேண்டும். அல்லது நிச்சயம் முடிந்துவிட்டது, தையில் கல்யாணம், அதற்குள் அந்தச் சப்பை மூக்கைச் சரிசெய்துகொண்டால் பெண் மூக்கும் முழியுமாக இருப்பாளே என்று யாரோ சொல்கிறார்கள். அழகு, பணம், ஆபத்து என்று இதை முடிவு செய்யப் பல அளவுகோல்கள் உண்டு. எனக்கு முதன்மையாகப் படுவது காலம். அந்த ஆசை எத்தனை வருடமாக இருக்கிறது, மூக்கின் எந்த இடத்தைக் காட்டுகிறது, அந்த இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தேதி நெருக்கிப் பிறந்த ஆசைக்காக மூக்கில் கத்தி வைக்கக் கூடாது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் அந்தச் சிகிச்சையின் தன்மையிலேயே இருக்கிறது. திறந்த முறையில் செய்யும்போது, இரண்டு நாசித்துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சிறிய தோல் தூணைக் குறுக்கே கீறி, மூக்கின் தோலை மேலே தூக்குகிறார்கள். உள்ளே தெரியும் நுனிக் குருத்தெலும்பைச் சிறிது வெட்டியோ தையல் போட்டோ குறுக்குகிறார்கள். தண்டு மேடாக இருந்தால் எலும்பை ராவுகிறார்கள். அகலமாக இருந்தால் இரு பக்க எலும்பையும் உளியால் பிளந்து உள்நோக்கி நெருக்குகிறார்கள். உயரம் போதாத மூக்குக்கு நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைக்கிறார்கள். எல்லாமே மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை. ஒரு வாரம் போல மூக்கின் மேல் கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். வீக்கம் முழுதாக வடியத்தான் ஒரு வருடம் ஆகும். நுனியில் அதற்கு மேலும் இழுக்கலாம். தோல் தடிப்பாக உள்ளவர்களுக்கு இது இன்னும் மெதுவாகவே நடக்கும், நம்மில் பலருக்கு நுனித்தோல் தடிப்பானதுதான். கெட்டி ஜமுக்காளத்தைப் போர்த்திய நாற்காலியில் செதுக்குவேலை தெரியாததுபோல, தடித்த தோலுக்குள் செய்த நுணுக்கம் வெளியே எளிதில் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் மேலும் எடுத்தால், காலியான இடத்தில் தழும்புத் திசு நிரம்பி நுனி முன்னைவிட உருண்டையாகிவிடும். ஆகவே ஐப்பசியில் ஆபரேஷன் செய்துகொண்டு தையில் மணமேடையில் உட்காரும் பெண்ணின் முகத்தில் இருப்பது இன்னும் முடிவாகாத மூக்கு. அது பிடிக்காமல் போனாலும் உடனே கை வைக்க முடியாது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பொதுவாக ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்வார்கள். அப்படி மறுபடி செய்ய நேருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பேர் வரை என்பது மருத்துவர்களே பரவலாகச் சொல்லும் கணக்கு.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் நாம் பார்க்கும் மூக்கே பல சமயம் சரியான மூக்கு இல்லை. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். எதிரில் உட்கார்ந்து பேசுகிற மனிதர் எவரும் அந்த மூக்கைப் பார்ப்பதில்லை. செல்ஃபியைக் காட்டி இதைக் குறையுங்கள் என்று கேட்பது, இல்லாத அகலத்தைக் குறைக்கச் சொல்வதாகிவிடும்.

அப்படியானால் பல வருடமாக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் செய்துகொள்ளலாமா என்று கேட்கலாம். அப்படியும் சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் மூக்கு அறுவைக்காக வந்தவர்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு உடல்தோற்றம் பற்றிய மனநோயின் அறிகுறிகள் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தன. அந்த அறிகுறிகளின் கடுமைக்கும் பிறர் கண்ணுக்குத் தெரியும் மூக்கின் வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. இந்த நோய் உள்ளவர்களின் வேதனையும் வருடக்கணக்கில் நீள்வதுதான். ஆனால் அது நாளில் பல மணி நேரத்தைத் தின்னும், கண்ணாடியை விட்டு நகர விடாது, மூக்கு சரியானால் உதட்டுக்கோ தாடைக்கோ தாவும். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர். கத்தி அவர்களுடைய துன்பத்தைப் பெரும்பாலும் தீர்ப்பதில்லை, சிலருக்குக் கூட்டியும் விடுகிறது. இதை அவமானமாக நினைத்து மறைக்கிற வழக்கம் ஒழிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

என் உடம்பு, என் பணம், பல்லுக்குக் கம்பி போடுகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லையே என்பது நியாயமான வாதம். உரிமையை நான் மறுக்கவில்லை. கடவுள் கொடுத்ததைத் தொடக் கூடாது என்ற பெரியவர்களின் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. அதே மூக்கைக் குத்தித்தான் மூக்குத்தி போட்டிருக்கிறோம். தன் மூக்குத்தண்டின் மேடு பிடிக்காமல் பதினைந்து வருடம் யோசித்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டால், அதில் திருப்தி அடையவே வாய்ப்பு அதிகம். ஆனால் மூக்கு மூச்சு விடும் உறுப்பு. அளவுக்கு மீறிக் குறுக்கினால் உள்வழி இறுகி, மூச்சை இழுக்கும்போது பக்கச்சுவர் உள்ளே ஒடுங்கும். தேர்ந்த கைகளிலும் தவறு நேரும். மூக்குக்குள் இருந்த சதை வளர்ச்சியை எடுக்கப் போன இடத்தில் தண்டே அமுங்கிப்போனதையும், அதனால் பட வாய்ப்புகள் நழுவியதையும் 2021இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் நடிகை பிரியங்கா சோப்ரா எழுதியிருக்கிறார்.

கேலி இன்றைக்கு நடக்கிறது, காத்திரு என்பது கொடுமை இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினம். பள்ளியில் பட்டப்பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளையின் வலி நிஜம். ஆனால் பெண்பிள்ளைகளுக்குச் சுமார் பதினாறு வயது, ஆண்பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வரை மூக்கு வளர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் அழகுக்காக வெட்டுவது பொதுவாக வேண்டாம் என்பார்கள். அந்த வருடங்களில் மாற வேண்டியவர்கள் கேலி செய்பவர்களும், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் ஆசிரியர்களும் உறவினர்களும். மூக்கைக் காரணம் காட்டி வரன் தட்டிப்போனால், அந்த வீட்டார் அடுத்து நிறத்தைச் சொல்வார்கள், அதற்கடுத்து நகையைச் சொல்வார்கள்.

விபத்திலோ பிறவியிலோ கோணிய மூக்கும், நடுச்சுவர் வளைந்து மூச்சு அடைக்கும் மூக்கும் வேறு கணக்கு. அங்கே காத்திருப்பதால் பெரிய லாபமில்லை. நம் ஜிஎஸ்டி சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது: பிறவிக் குறையையும் காயத்தையும் சரிசெய்யும் சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு, அழகுக்கான அறுவைக்கு அந்த விலக்கு இல்லை. கத்தி வேண்டாம், தோலுக்கடியில் நிரப்பி வடிவத்தை மாற்றும் ஃபில்லர் ஊசி போடுகிறோம் என்கிற அழகு நிலையங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணின் ரத்தக்குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து குழாய்க்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். மருத்துவர் அல்லாத எவர் கையிலும் அந்த ஊசிக்கு முகத்தைக் கொடுக்கக் கூடாது.

வருடங்கள் கடந்தும் ஆசை அதே இடத்தில் நின்றால், பிளாஸ்டிக் சர்ஜரியிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ மேல்பட்டம் பெற்று, மூக்கு வேலையைத் தொடர்ந்து செய்துவருபவரிடம் போகலாம். கம்ப்யூட்டரில் அவர் வரைந்து காட்டும் புதிய முகம் ஒரு உத்தேசம் மட்டுமே, வாக்குறுதி ஆகாது. உங்களைப் போன்ற தோலும் அகலமும் கொண்ட மூக்குகளை, ஆபரேஷனாகி ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களில் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதப் படத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.